பற்று

புதுவயலில் அரவை நிற்பது ராத்திரி ஒன்பதரைக்கு.
உமித்தூசி அடங்க இன்னும் அரைமணி பிடிக்கும்.
அந்த அரைமணியில்தான் முதலில் வந்தாய்:
‘வணக்கம் அழகான பெண்,
நீங்கள் உங்கள் இரவு உணவை உண்டீர்களா?’

சிரித்துவிட்டேன். மெஷின் பெயர்த்த தமிழ்.
ஆனாலும் கேள்வி கேள்விதானே.
ரசத்தை அடுப்பில் ஏற்றிக்கொண்டே
‘உண்டேன்’ என்று பொய் எழுதினேன்.
என்னிடம் ஒருவர் அதைக் கேட்டு
ஏழு வருஷம் ஆகியிருந்தது.

டாக்டர் எரிக் லாசன்.
நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வைத்தியம்.
மனைவி இல்லை, ஒரு மகள், ஒரு நாய்.
நாயின் படம் மட்டும் நான்கு.
போனில் கேமரா உடைந்திருந்தது,
நான்கு மாதமும் உடைந்தே இருந்தது,
கடலில் ரிப்பேர் கடை கிடையாதாம்.
சரி என்றேன்.
பதினாறு வருஷமாக மில்லில் கணக்கு எழுதுகிறவள்,
ஒரு ரூபாய் உதைத்தால் தூங்காதவள்,
சரி என்றேன்.

ஒருநாள் ‘ப்ரீத்தி, என் உயிரே’ என்று எழுதினாய்.
ப்ரீத்தி என்றால் உங்கள் மொழியில் அன்பு அல்லவா என்றாய்.
அதற்கும் சரி.

பிறகு பார்சல்.
ஒரு கைக்கடிகாரம், ஒரு கம்பளிக் கோட்டு.
சித்திரை மாசத்துக் காரைக்குடிக்குக் கோட்டு!
டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்று
ஒருத்தி பேசினாள், பாதி இந்தி, பாதி தமிழ்.
முப்பத்தெட்டாயிரம்.
இன்றைக்கே. யாரிடமும் சொல்லாமல்.
செக்காலை ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி
ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நின்று அனுப்பினேன்.
வாங்குபவர் பெயர் சுனில் என்று திரை காட்டியது.
பார்த்தேன்.
பார்த்தும் விரலை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பெட்டிக்குள் தங்கம் இருக்கிறது என்றார்கள்,
அபராதம் ஒண்ணே கால் லட்சம்.
வளையல்களைக் கழற்றி எடை பார்த்து வைத்திருந்தேன்.

அன்று மில்லுக்கு ஒரு லோடு நெல் வந்தது.
செல்லையா குத்தூசியை மூட்டையின் இடுப்பில் சொருகி
உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.
‘வாயில இருக்கிறது நெல்லு, கணக்கம்மா.
வயித்துல பூரா பதரு.’
லாரி திரும்பிப் போகிற வரைக்கும்
அந்தக் கையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு நான் முந்திக்கொண்டேன்:
‘நீங்கள் அனுப்பிய ரோஜாப்பூ மில்லுக்கு வந்து சேர்ந்தது. நன்றி.’
எந்தப் பூவும் வரவில்லை.
யாரும் எதுவும் அனுப்பவில்லை.
இரண்டு நிமிஷம்.
‘உனக்குப் பிடித்ததில் என் இதயம் மகிழ்கிறது ராணி.
பணம் எப்போது?’

ரசம் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

1930-ல் ஒரு பெண் எடுத்தாள்.
எவ்வளவு, எந்தத் தேதி, எந்த பேங்க் என்று கேட்டாள்.
ஏன் என்று கேட்கவில்லை.
அவள் கேட்காத அந்த ஒன்றுக்குத்தான் அழுதேன்.
‘அன்னைக்கே கூப்பிட்டிருக்கலாம் அக்கா,
பணம் நாலு கை மாறியிருக்கும். பார்க்கிறோம்’ என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு சைபர் அதிகாரி,
தொப்பி வைத்த போட்டோவோடு:
உங்கள் பணம் கிடைத்துவிட்டது மேடம்,
ஃபைல் செலவு ஐயாயிரம் மட்டும்.
இவருக்குக் குத்தூசியே தேவைப்படவில்லை.

பேரேட்டில் ஒரு பக்கம் திறந்தேன், என் சொந்த நோட்டில்.
பேர் இல்லாமல் பற்று எழுத முடியாது.
எரிக் என்று எழுதி அடித்தேன்.
சுனில் என்று எழுதி அடித்தேன்.
அவனும் யாருக்கோ கணக்கை வாடகைக்கு விட்ட பையனாக இருக்கலாம்.
ப்ரீத்தியை நினைத்தேன். எந்த ஊரோ,
அவளும் ‘உண்டேன்’ என்று எழுதியிருப்பாள்.
கடைசியில்
தெய்வானை, பற்று, 38,000.
தேதி சரி. தொகை சரி.
பக்கத்தை இன்னும் கூட்டவில்லை.